நாய் வருவதற்கு முன்

அடுத்த வீட்டுக்காரர் சைக்கிள் வாங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து புரியும்.

பக்கத்து பிளாக்கில் இருந்த வெல்டர் ஒருவர் வேலையை விட்டு ஊருக்குப் போவதாக இருந்தார். சைக்கிளை விற்கப்போவதாகச் சொன்னார். இவர் போய்ப் பார்த்தார். ஓட்டிப் பார்க்கவில்லை. மணி அடித்துப் பார்க்கவில்லை. மறுநாள் வெல்டர் வேலைக்குக் கிளம்பியபோது கூடவே நடந்துபோனார். வெல்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டியதாயிற்று. மழை பெய்த மறுநாள் வந்து செயினின் சத்தத்தைக் கேட்டார். ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம் தானும் பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. வெல்டர் பொறுமை இழந்து வேறு ஆளிடம் பேசி முடித்த அன்று காலையில் வந்து வாங்கிக்கொண்டார்.

"வாங்கறதுக்கு முன்னாடி பழகணும்ங்க," என்பார். "வாங்கனப்புறம் பழகறது, வேற வழியில்லாம பழகறது."

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு நாளிதழுக்கு நெய்வேலியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்த என் அண்ணனின் குவார்ட்டர்ஸில் தங்கல். அடுத்த வீடு இவருடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியான உடம்பு, நெற்றியில் எப்போதும் கிரீஸ் தடம். ஒரே ஒரு தடவை தவிர, அவர் என்னை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பக்கத்தில் வந்து உட்காருவார். நான் பார்க்கும் இடத்தை அவரும் பார்ப்பார். சிறிது நேரத்தில், நான் அடுத்து எங்கே பார்க்கப்போகிறேனோ அங்கே அவர் முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருப்பார்.

பம்ப் செக்‌ஷனில் ஆபரேட்டர். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதைச் சுற்றிலும் குழாய் இறக்கி இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். நிறுத்தினால் கீழிருந்து வீங்கிவிடும். அந்த இறைப்புச் சத்தம் டவுன்ஷிப் முழுக்க இருந்தது. புதிதாக வந்தவர்களுக்குத்தான் அது கேட்கும். புது பம்ப் ஒன்று வந்து இறங்கினால், டியூட்டி இல்லாத நாளில்கூட இவர் போய் அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாராம். அண்ணன் சொல்லிச் சிரிப்பான்.

சுற்றுவட்டாரத்துக்காரர். அவருடைய ஊர் இருந்த இடத்தை ஒருமுறை சுரங்கத்தின் விளிம்பிலிருந்து எனக்குக் கைநீட்டிக் காட்டினார். அங்கே காற்றுதான் இருந்தது. நிலம் வெகு கீழே போயிருந்தது. வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பைக் காட்டுவதுபோல் காட்டினார்.

சுரங்க வேலையில் சேருமுன் கல்யாணமும் அப்படித்தான் செய்திருக்கிறார். முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு பெண்ணைப் பற்றி யாரோ சொன்னார்கள். இவர் பெண் பார்க்கப் போகவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவுடைய முந்திரித் தோப்பில் கூலியாளாகச் சேர்ந்தார். ஒரு சீசன் முழுக்கக் கொட்டை பொறுக்கினார். எப்போது சிரிக்கிறாள், எதைச் சாப்பிடாமல் ஒதுக்குகிறாள், வாசல் தாண்டும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாள் என்று எல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆள் அனுப்பிப் பெண் கேட்டார். மாப்பிள்ளை யார் என்று தெரிந்தபோது மாமனாருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லையாம். கல்யாணம் நடந்தது. சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் பொங்கலுக்குத் தாய்வீடு போனவள் திரும்பவில்லை. இவர் கூப்பிடப் போனார். அவள் உள்ளே நின்றபடி சொன்னதை அவள் குரலிலேயே எனக்குச் சொன்னார்.

"ஒங்களுக்கு என்னப் பத்தி எல்லாம் தெரியுது. எனக்கு ஒங்க பேர வுட்டா ஒண்ணும் தெரியல. பயமா இருக்குது."

 அவள் சொன்னது சரிதான் என்றார். தன்னிடம் பழக அவளுக்கு இடமே கொடுக்கவில்லை என்றார். அதை ஒரு வேலையில் நேர்ந்த பிழையைப்போலச் சொன்னார். அடுத்த முறை அந்தப் பிழை வராது என்ற தொனி அதில் இருந்தது.

அடுத்த முறை வந்தது ஒரு நாய்.

மண் வெட்டும் ராட்சத இயந்திரங்களோடு ஜெர்மன் நிபுணர்கள் சிலர் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார்கள். அதில் ஒரு வீட்டம்மா கப்பலிலேயே சுருட்டை மயிருள்ள பூடில் நாய் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அடுத்த பங்களாவில் காது தொங்கும் ஸ்பானியல் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் பிறந்த குட்டிகளைப் பார்த்து அதிகாரிகள் வட்டாரமே மயங்கிவிட்டது. பொம்மைக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். டவுன்ஷிப்பில் 'சுருட்டை நாய்' என்றே பேர். குட்டி வேண்டும் என்று ஆள்மேல் ஆள் விட்டு வாங்கிப் போனார்கள். நானே அதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி எழுதினேன்.

அடுத்த வருஷம் அதே நாய்களை நான் வேறு கோலத்தில் பார்த்தேன். அந்த ஜாதிக் கலப்புக்கு மயிர் உதிராது. அதனால் வீடு சுத்தமாக இருக்கும் என்று நம்பி வாங்கினார்கள். உதிராத மயிர் உள்ளுக்குள்ளேயே சிக்குப் பிடிக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. நம் வெயிலில் அது தேங்காய் நார்போல இறுகி, தோலைப் பிடித்து இழுத்தது. தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் வைத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, அந்த நாய்களால் தனியாக இருக்க முடியவில்லை. வீட்டில் ஆள் இல்லையென்றால் கதவைப் பார்த்து ஊளையிடும். பாயை, செருப்பை, தன் காலையே கடிக்கும். ஒரு வீட்டிலிருந்து காபிக்கொட்டை நிறத்துப் பெண் நாய் ஒன்று ஜெர்மன் அம்மாவிடமே திரும்பி வந்துவிட்டது. முன்னங்காலில் மயிரே இல்லாமல் வந்தது.

ஜெர்மன்காரர்களுடைய கான்ட்ராக்ட் முடியும் சமயம். தாய் நாய் ஏற்கெனவே செத்துவிட்டது. இதைக் கப்பலில் கொண்டுபோக முடியாது என்று அந்த அம்மாவின் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சரியான ஆள் கிடைக்காவிட்டால், கிளம்புமுன் ஊசி போட்டுக் கொன்றுவிடுவதென்று அந்த அம்மா தீர்மானித்திருந்தார். மறுபடி ஒரு வீட்டில் பூட்டிவைத்துச் சித்திரவதைப்படுவதற்கு அது மேல் என்று நினைத்தார். கேட்டு வந்தவர்களிடம் ஒரே நிபந்தனை: முதலில் தினமும் வந்து நாயோடு இருந்து பழக வேண்டும், பிறகுதான் பேச்சு. வந்தவர்கள் இரண்டாம் நாள் வரவில்லை.

அவர்கள் ஊர் திரும்புவது பற்றி எழுதப் போனபோது இதையெல்லாம் அந்த வீட்டுச் சமையல்காரர்தான் எனக்குச் சொன்னார். புதுச்சேரிக்காரர். அந்த அம்மாவின் பேச்சைத் தமிழாக்கிச் சொல்வதும் அவர்தான். நான் வீட்டுக்கு வந்து இவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நேருக்கு நேர்.

"பழகிப் பாத்துட்டு எடுத்துக்கச் சொல்றாங்களா? அவங்களாவே?"

ஆமாம் என்றேன். உலகத்தில் தன்னைப்போல் இன்னொருவர் இருப்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார் என்று நினைக்கிறேன்.

முதல் ஷிப்ட் முடிந்ததும் தினமும் பங்களாவுக்குப் போனார். புல்தரையில் நாய்க்குப் பக்கத்தில் உட்காருவார். தொடமாட்டார். பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். கூப்பிட்டால் வந்துவிடும், வந்துவிட்டால் பழக முடியாது என்பார். நாய் வாசலைப் பார்த்தால் இவரும் வாசலைப் பார்ப்பார். சமையல்காரருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள வூட்டுக்காரு கணக்கா தெனம் வந்து குந்திக்கினு கெடக்கறாரு," என்று என்னிடம் சொன்னார். "பொண்ணு புடிச்சிருக்கா இல்லியான்னு சொன்னா நானும் காபி போடறதா வேணாமான்னு முடிவு பண்ணுவன்ல?"

ஆனால் அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சீப்பை எப்படி வேரிலிருந்து பிடிக்க வேண்டும், காதை எப்படி மடித்துத் துடைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். கலப்புக் குட்டி தாயைக் கொள்ளுமா தகப்பனைக் கொள்ளுமா என்று சொல்லமுடியாது. இதற்கு மயிர் தாயைப்போல, மோப்பம் தகப்பனைப்போல என்றார். ஆளை நிழல்போல ஒட்டிக்கொண்டே இருக்கும் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கொஞ்ச நாளில் ஷிப்ட் சங்கு ஊதினால் நாய் எழுந்து கேட் பக்கம் போய் நின்றது. சுரங்கச் சாலையைப் பார்த்து நின்றது. அவர் வரும்வரை அசையவில்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். ஷிப்ட் இருக்கிறதே என்றார். டியூட்டிக்குப் போனால் நாய் வீட்டில் தனியாகக் கிடக்கும். பம்ப் ஹவுஸில் நாய்க்கு அனுமதி இல்லை. அந்த நேரம் எப்படிப் போகும் என்று தெரியாமல் அதைக் கூட்டிக்கொண்டு வரமுடியாது.

"நான் இல்லாதப்ப என் வூடு எப்டி இருக்கும்னு எனக்கே தெரியாதுங்க," என்றார். "நான் பாத்ததே இல்ல."

அடுத்த வார விடுமுறை அன்று காலையில் சாவியோடு வந்து நின்றார். தன்னை உள்ளே வைத்து வெளியே பூட்டச் சொன்னார். கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திவைத்திருந்தார். கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தரையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பின்கதவுத் தாழ்ப்பாளைத் தொடமாட்டேன், நாய்க்கு எட்டாது என்றார். நான் எத்தனை மணிக்கு வந்து திறக்கட்டும் என்று கேட்டேன்.

"எப்ப வருவீங்கன்னு சொல்லாதீங்க. அதுக்கு யாரு சொல்லப்போறாங்க?"

பூட்டினேன். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுத் தண்ணீர் சம்பந்தமாக விவசாயிகள் கூட்டம் ஒன்று இருந்தது. அதை முடித்துவிட்டு மதியத்துக்குள் திரும்ப நினைத்தேன். பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். கதவுக்குப் பின்னால், பலகை இடிக்கும் தூரத்தில் குந்தியிருந்தார். முகம் வேர்த்திருந்தது. கண்கள் மேலே வந்தன. என்னிடம் நிற்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் தெருவைத் தேடின. அந்த முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் வேறு எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை. பிறகு அது அணைந்தது.

"வரலியா?" என்றார்.

யார் என்று கேட்டேன்.  தண்ணீர்க் கிண்ணம் அப்படியே இருந்தது. அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு வாசற்படியில் வந்து உட்கார்ந்து சொன்னார். காலையில் வெறும் வீடாகத்தான் இருந்ததாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தரை அதிர்வது தெரிந்ததாம், அவருடைய பம்ப்தான். தெருவில் போகிற ஒவ்வொரு காலடியும் வாசலில் நின்றுவிட்டுப் போவதுபோல் இருந்ததாம்.

"மத்தியானத்துக்கு மேல யாரோ ஒருத்தரு இல்லாத மாதிரியே இருந்துது. யாருன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். நான்தான்."

ஒருமுறை போதும் என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. ஒரு நாளில் எந்த நாயும் எந்த வீட்டையும் தெரிந்துகொள்ளாது என்றார். அடுத்த விடுமுறையிலும் பூட்டினேன். அதற்கடுத்த விடுமுறையிலும். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கும்போது அதே பார்வை என் தோளுக்குப் பின்னால் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வர முன்னைவிட நேரம் ஆயிற்று.

ஒரு நாள் அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அண்ணி லேசில் எதற்கும் பயப்படுகிறவர் அல்ல. பொதுச் சுவரைக் காட்டினார்.

"தம்பி, இனிமே அந்தப் பூட்டத் தொடாதீங்க. சங்கு ஊதினதும் உள்ள எழுந்து கதவுகிட்ட வர்ற சத்தம் கேக்குது. அப்புறம் தொண்டைல ஒரு சத்தம். மனுசன் போடற சத்தம் இல்ல அது."

நான் அவரிடம் போய் இனி பூட்டமாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்றார். "தெரிஞ்சப்புறம் அத எப்டிங்க உள்ள வெச்சுப் பூட்டறது?" என்று கேட்டார். அதன்பிறகு பங்களாவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

அங்கே நாய் சாப்பிடவில்லை. சங்கு ஊதும்போதெல்லாம் கேட்டுக்குப் போய், இருட்டும்வரை நின்றது. பழகச் சொன்ன அந்த அம்மாவே இப்போது சமையல்காரரிடம் கேட்டாராம், பழகாமலே இருந்திருந்தால் ஊசியாவது நிம்மதியாகப் போட்டிருக்கலாமே என்று. சாமான்கள் மரப்பெட்டிகளில் ஏறின. விருத்தாசலத்திலிருந்து மாட்டு டாக்டரை வரச் சொல்லியாயிற்று.

டாக்டர் வந்த காலையில் நானும் அங்கே இருந்தேன். வராந்தாவில் ஸ்பிரிட் அடுப்பின்மேல் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா நாயை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சாகப்போகிற நாய்க்கு எதற்குச் சிக்கெடுப்பது என்று டாக்டர் கேட்கவில்லை. சிக்கெடுத்து முடிகிறவரை காத்திருந்தார். நாய் திடீரென்று தலையைத் தூக்கியது. சுரங்கச் சாலையில் அவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அப்போது சங்கு ஊதவில்லை.

வராந்தாப் படியில், நாய்க்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சுரங்கத்தின் தெற்கு விளிம்பில் தனியாக ஒரு பம்ப் ஷெட் இருந்தது. ஒரு ஷிப்டுக்கு ஒரே ஆள். பேச்சுத் துணை இல்லை, பாம்பு வேறு வரும் என்று யாரும் போக விரும்பாத இடம். அங்கே தனக்கு நிரந்தரமாக டியூட்டி கேட்டிருக்கிறார். நாயைக் கூட வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார். அங்கே யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று அதிகாரி அன்று காலையில்தான் சரியென்றாராம். இவ்வளவு நாள் வராமல் இருந்தது அந்த ஷெட்டில் போய் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்ததால்.

அந்த அம்மா ஏதோ கேட்டார். சமையல்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாய இப்ப நல்லாத் தெரியுமான்னு கேக்கறாங்க."

"எனக்கு அதத் தெரியும்ங்க. அதுக்கு என்னத் தெரியுமான்னு அதக் கேக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா கழுத்துப் பட்டையை அவிழ்த்தார். நாய் இறங்கி இவரைத் தாண்டிப் போயிற்று. சைக்கிளின் பின்சக்கரத்தை முகர்ந்தது. அதன் நிழலில் கேட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டது, கிளம்பக் காத்திருக்கிற மாதிரி. டாக்டர் எழுந்து அடுப்பை ஊதி அணைத்தார். அவர்தான் முதலில் சிரித்தார். சமையல்காரர் உள்ளே போய் எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தார். அந்த அம்மா மட்டும் காபியைத் தொடவில்லை. கையில் இருந்த சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை இவருடைய சட்டைப் பையில் வைத்தார்.

அந்த நாய் அதன்பிறகு ஒருநாள்கூட வீட்டில் தனியாக இருந்ததில்லை. சைக்கிளின் பின்னால் பிரம்புக் கூடையில் உட்கார்ந்து ஷெட்டுக்குப் போயிற்று, கூடவே திரும்பியது. காலில் மயிர் வளர்ந்தது. டவுன்ஷிப்பில் நான் பார்த்த சுருட்டை நாய்களில் சிக்கு இல்லாதது அது ஒன்றுதான். அவரும் முன்னைவிடக் கொஞ்சம் பேசினார். இத்தோடு முடித்திருந்தால் இது நல்ல செய்தியாக அச்சாகியிருக்கும்.

அண்ணி சமையலறைச் சுவர்ப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டபோது, சத்தம் நிற்கவில்லை என்றார். நாயும் அவரும் தெற்கு விளிம்பில் இருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. சங்கு ஊதினால் உள்ளே யாரோ எழுந்து கதவுவரை வருகிறார்கள் என்றார். நான் பம்ப் அதிர்வு என்று சொல்லிப் பார்த்தேன். 

பிறகு ஒரு சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது நான் வாசலில் இருந்தேன். பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளிவிட்டு, உள்ளே போகாமல் ஒதுங்கி நின்றார். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவருக்கு வழிவிடுவதுபோல் நின்றார். நாய் கூடையிலிருந்து குதித்து நிலைப்படிவரை போயிற்று. அதைத் தாண்டவில்லை. முன்னங்காலை நீட்டித் தாழ்ந்துகொண்டு வாலை மெதுவாக ஆட்டியது. உறுமல் இல்லை. தெரிந்தவரிடம் ஆட்டுகிற ஆட்டலும் இல்லை. பழக ஆரம்பித்திருக்கிறவரிடம் ஆட்டுவது.

தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். உள்ளே யார் என்று கேட்டேன்.

"உள்ள வெச்சுப் பூட்டினீங்கல்ல, அந்த ஆளு," என்றார். என்னைக் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. "நான் வெளிய வந்துட்டேன். அவன் வரல. எனக்கு அவனத் தெரியல. நாய்க்குத் தெரியுது. பழகட்டும்ங்க."

நான் குனிந்து, நாய் பார்த்த திசையில் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் வெறும் சிமென்ட் தரை. நாய் தரையைப் பார்க்கவில்லை. குந்தியிருக்கும் ஒருவருடைய முகம் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.